விட்டு விட்டு வரும் துடிப்பு

நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் ஐட்லிங்கில் நிற்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்று சுற்றுகிறது. அந்த ஒரு நிமிடத்தில் உள்ளே 1,600 முறை தீ பற்றுகிறது. நொடிக்கு 26, 27 முறை. மாருதி 800 போன்ற மூன்று சிலிண்டர் வண்டியில் 1,200 முறை. அத்தனையும் சமமாக விழுந்தால் காதுக்கு ஒரே நீண்ட முனகலாகக் கேட்கிறது. நடுவில் ஒன்று விடுபட்டால், தனி ஆவர்த்தனத்தில் ஓர் அட்சரம் நழுவியதும் முன்வரிசை ரசிகர் நிமிர்ந்து உட்காருவதுபோல, தேர்ந்த மெக்கானிக்கின் தலை பானட் பக்கம் திரும்பிவிடுகிறது.

எந்நேரமும் உதறிக்கொண்டே இருக்கும் இன்ஜினைச் சரிசெய்வது பெரிய வித்தை இல்லை. பழுது அங்கேயே நிற்கிறது, தேடினால் கிடைத்துவிடும். விட்டு விட்டு உதறும் இன்ஜின் வேறு ரகம். சிக்னலில் நின்றபோது ஸ்டீயரிங் நடுங்கியது, கண்ணாடி அதிர்ந்தது, ஒரு முறை ஆஃப் ஆகியும் விட்டது என்று உரிமையாளர் படபடப்போடு சொல்வார். பட்டறை வாசலில் அதே வண்டி பரம சாதுவாக ஓடிக்கொண்டிருக்கும். ரேஸ் கொடுத்துப் பார்த்தாலும் குறை தெரியாது. பத்து நிமிடம் நின்று கேட்டாலும் ஒரு மிஸ் அடிக்காது. மெக்கானிக்கின் தொழில் மேன்மை முழுவதும் வெளிப்படுவது இந்த இடத்தில்தான். கண்முன் இல்லாத பழுதை அவர் எப்படித் தேடுகிறார் என்று பக்கத்தில் நின்று பார்ப்பது தனி அனுபவம்.

ஐட்லிங்கில்தான் ஏன் இந்தத் தொல்லை? ஓடும் வண்டியில் காற்று தாராளமாக உள்ளே பாய்கிறது. பெட்ரோல் நன்றாகக் கலக்கிறது. சுழற்சியின் வேகமே சின்னச் சின்னத் தடுமாற்றங்களை விழுங்கிவிடுகிறது. ஐட்லிங்கில் திராட்டில் ஏறக்குறைய மூடிக் கிடக்கிறது. இன்ஜின் தன் சொந்த உராய்வைத் தாண்டி, ஆல்டர்னேட்டரையும் தண்ணீர் பம்பையும் சுழற்றும் அளவுக்கு மட்டுமே சக்தி எடுக்கிறது. சிலிண்டருக்குள் போகும் புதுக் கலவை கொஞ்சம்; போன முறை எரிந்து மிஞ்சிய புகையின் பங்கு அதிகம். இந்த நிலையில் ஒரு ரப்பர் ஹோஸில் ஊசி நுழையும் அளவுக்கு விரிசல் இருந்தாலும், அதன் வழியாக நுழையும் காற்று மொத்தக் காற்றில் கணிசமான பங்காகிவிடும். அதே விரிசல் 3,000 சுற்றில் ஒரு பொருட்டே இல்லை. அதனால்தான் ஐட்லிங்கில் நடுங்கும் இன்ஜின் ஆக்சிலேட்டரைத் தொட்டதும் தெளிந்துவிட்டால், அனுபவசாலியின் எண்ணம் முதலில் காற்றுக் கசிவின் பக்கம் போகிறது. நாலு பேர் ஒரே பழுதைப் பார்க்கும்போது அவர் மட்டும் அரை மணி நேரத்தை மிச்சப்படுத்துவது இப்படித்தான்.

கார்புரேட்டர் காலத்து மேஸ்திரிகளிடமிருந்து இந்தக் கலை வந்தது. அம்பாசடரின் 1,489 சிசி இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்த பாயிண்ட் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 14 முதல் 16 பங்கு, அதாவது 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஃபீலர் கேஜை நுழைத்து, அது லேசாக உரசும் பிடிமானத்தை விரல் நுனியில் உணர்ந்து, ஸ்குரூவை இறுக்குவார்கள். செட்டிங் சரியாக இருந்தும் ஐட்லிங் அலைபாய்ந்தால், நல்ல மேஸ்திரி டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்ப்பார். புஷ் தேய்ந்திருந்தால் ஷாஃப்ட் ஆடும். ஷாஃப்ட் ஆடினால் பாயிண்ட் இடைவெளி ஒவ்வொரு சுற்றுக்கும் மாறும். கார்புரேட்டரின் திராட்டில் ஸ்பிண்டில் தேய்ந்தாலும் இதே கதைதான். ஒவ்வொரு முறை காலை எடுக்கும்போதும் தகடு ஒவ்வொரு இடத்தில் வந்து உட்காரும். காலையில் சரியாக இருந்த ஐட்லிங் மதியம் மாறும். ஸ்குரூவைத் திருப்பித் திருப்பி அலுத்துப்போனவர்கள் உண்டு. ஸ்பிண்டிலை இரு விரலால் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்த்து, தேய்மானத்தை ஒரு நொடியில் கண்டுபிடித்தவர்களும் உண்டு. இருவருக்கும் கருவி ஒன்றுதான். ஒருவர் கை எங்கே போக வேண்டும் என்று யோசித்தார். மற்றவர் கை பழகிய இடத்துக்கே போனது.

அந்த நாளின் மிக அழகான கருவி வேக்குவம் கேஜ். இன்டேக் மேனிஃபோல்டில் ஒரு ஹோஸைச் செருகினால் போதும். ஒரே ஒரு முள் இன்ஜினின் உட்புறத்தைப் பேசும். நல்ல இன்ஜினில், கடல்மட்டத்து ஊரில், முள் 18 முதல் 20 அங்குலப் பாதரச அளவில் அசையாமல் நிற்கும். தாழ்வான எண்ணில் அசையாமல் நின்றால் டைமிங் பிந்தியிருக்கலாம், அல்லது கேஸ்கெட்டில் காற்றுக் கசிவு. சீரான இடைவெளியில் சொடுக்கியதுபோல் விழுந்து எழுந்தால் ஒரு வால்வு கருகியிருக்கிறது. ஒழுங்கே இல்லாமல் எப்போதோ ஒருமுறை விழுந்தால் வால்வு இடையிடையே ஒட்டிக்கொள்கிறது, அல்லது பிளக் எப்போதாவது விட்டுவிடுகிறது. இந்த வேறுபாடுகளைப் படிப்பவர் முள் நிற்கும் எண்ணைவிட அது நகரும் விதத்தைத்தான் அதிகம் கவனிக்கிறார். ஊரின் உயரத்தையும் அவர் மறப்பதில்லை. ஆயிரம் அடி ஏறினால் ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். மேட்டுப்பாளையத்தில் 18 காட்டிய அதே ஆரோக்கியமான இன்ஜின் 7,300 அடிக்கு மேலிருக்கும் ஊட்டியில் 12-ஐ ஒட்டித்தான் காட்டும். மலைமேல் போய் 12-ஐப் பார்த்துப் பதறி இன்ஜினைப் பிரிப்பவர் காற்றின் குற்றத்தை இன்ஜின் மீது சுமத்துகிறார்.

கருவியை எடுப்பதற்கு முன்னால் ஒரு கட்டம் இருக்கிறது. கலையின் உயிர் அங்கேதான். அது விசாரணை.

விட்டு விட்டு வரும் பழுது தான்தோன்றியாக வருவதில்லை. அதற்கென்று சூழ்நிலை இருக்கிறது; அந்தச் சூழ்நிலை கூடும்போது வருகிறது, கலையும்போது போகிறது. உரிமையாளர் அதைப் பழுதாகப் பார்த்திருப்பார்; சூழ்நிலையைப் பார்த்திருக்க மாட்டார். எனவே மெக்கானிக் கேட்கிறார். காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, நெடுந்தூரம் ஓடி நின்ற பிறகா? ஏசி ஓடிக்கொண்டிருந்ததா? மழை பெய்த மறுநாளா? பெட்ரோல் போட்ட கையோடா? கியர் விழுந்திருக்கும்போதா, நியூட்ரலிலா? ஹெட்லைட் போட்டால் கூடுகிறதா? ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் இன்ஜினின் ஒரு பாகம் நிற்கிறது.

வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மட்டும், அதுவும் காலை ஈரத்தில் உதறி, இன்ஜின் சூடானதும் அடங்கினால், பிளக் வயரின் உறையில் மயிரிழை விரிசல்கள் இருக்கக்கூடும். பல்லாயிரம் வோல்ட் மின்சாரம் பிளக்குக்குப் போவதை விட்டு ஈரத்தின் வழியாக இன்ஜின் உடம்புக்குத் தாவுகிறது. இரவில் விளக்கை அணைத்துவிட்டு பானட்டைத் திறந்தால் நீலப் பொறிகள் ஓடுவது தெரியும். நேர்மாறாக, குளிர்ந்திருக்கையில் நன்றாக ஓடி, சூடேறிய பின் உதறினால், இக்னிஷன் காயிலின் உள்சுற்றில் சந்தேகம் விழ வேண்டும். வெப்பத்தில் விரியும் விரிசல் ஆறியதும் மூடிக்கொள்கிறது. டேங்கை நிரப்பிய அடுத்த ஸ்டார்ட்டில் மட்டும் திணறினால், டேங்கின் ஆவியை இன்ஜினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வு மூடாமல் திறந்தே கிடக்கிறதா என்று பார்க்கிறார்கள். மே மாத வெயிலில், ஏசி கம்ப்ரசர் பிடிக்கும் கணத்தில் மட்டும் வண்டி சரிந்து எழுந்தால், திராட்டில் பாடியில் படிந்த கரி காரணமாக இருக்கலாம். கம்ப்ரசரின் சுமையைத் தாங்கக் கூடுதல் காற்று வேண்டும். கரி வழியை அடைத்திருப்பதால் அது வந்து சேரத் தாமதமாகிறது. கம்ப்ரசர் விட்டு விட்டுப் பிடிப்பதால் பழுதும் விட்டு விட்டு வருகிறது.

இவ்வகை விசாரணையில் ரசிக்க வேண்டிய ஓர் உதாரணம் உண்டு. ‘சிக்னலில் நின்றால் மட்டும் உதறுகிறது’ என்பது பட்டறைகளில் மிகச் சாதாரணமாகக் கேட்கும் புகார். பட்டறையில் அரை மணி நேரம் ஓடவிட்டாலும் வராது. சிக்னலில் நடப்பது, பட்டறையில் நடக்காதது எது என்று யோசிக்க வேண்டும். வெயில் இரண்டு இடத்திலும் இருக்கிறது. ஏசியைப் பட்டறையிலும் போட்டாயிற்று. சூடும் அதே சூடுதான். வித்தியாசம் ஒன்றே ஒன்று: சிக்னலில் நிற்கும் ஓட்டுநரின் கால் பிரேக்கில் இருக்கிறது. பட்டறையில் ஓடும் வண்டிக்குள் ஆளே இல்லை.

பிரேக்கை மிதிக்க உதவும் பூஸ்டர் இயங்குவது இன்ஜினின் வேக்குவத்தால். அதற்குள் இருக்கும் ரப்பர் டயஃப்ரம் கிழிந்திருந்தால், பெடல் ஒரு குறிப்பிட்ட ஆழத்துக்கு இறங்கும்போது மட்டும் வாய் திறந்து, வெளிக்காற்றை இன்டேக்குக்குள் விடும். மெக்கானிக் உள்ளே உட்கார்ந்து பெடலை மெதுவாக அழுத்துகிறார். பாதி வழியில் ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம், இன்ஜின் தடுமாறுகிறது. காலை எடுத்ததும் தெளிகிறது. பூஸ்டருக்குப் போகும் ஹோஸை இறுக்கிப் பிடித்து மூடச் சொல்லிவிட்டு மறுபடி மிதிக்கிறார். இப்போது அசைவே இல்லை. ஸ்பேனர் எடுக்கவில்லை, எதையும் கழற்றவில்லை; பழுது நிரூபணமாகிவிட்டது. பிளக்கும் காயிலும் இன்ஜெக்டரும் மாற்றி ஓய்ந்திருக்க வேண்டிய வண்டி அது. பெடல் கல்லாக இறுகி, பிரேக் பிடிக்கச் சிரமப்படும் ஆபத்திலிருந்து ஓட்டுநரைக் காப்பாற்றியதும் அந்த ஒரு கேள்விதான்.

விசாரணை முடிந்ததும் அடுத்தது வரவழைப்பது. பழுது தானாக வரும்வரை காத்திருக்க முடியாது. அதற்குப் பிடித்த சூழ்நிலையைப் பட்டறையிலேயே உண்டாக்க வேண்டும். ஈரத்தில் வருவதென்றால் ஸ்பிரே பாட்டிலில் தண்ணீரை நிரப்பி வயர்கள் மீதும் காயில்கள் மீதும் பனிபோலத் தெளிக்கிறார்கள். சூட்டில் வருவதென்றால் சந்தேகப்பட்ட சென்சரை மட்டும் ஹாட் ஏர் கன்னால் சூடேற்றுகிறார்கள். குலுக்கலில் வருவதென்றால் இன்ஜின் ஓடும்போதே வயரிங் கட்டை ஓரிரு அங்குலமாக அசைத்துக்கொண்டே போகிறார்கள். எந்த அங்குலத்தில் இன்ஜின் விக்குகிறதோ அங்கே கை நிற்கிறது. உறை முழுதாக இருக்க, உள்ளே செம்பு இழைகள் அறுந்து, தொட்டும் தொடாமலும் கிடக்கும் வயரைக் கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது. பச்சை பூத்த கனெக்டர் பின்னும், எலி கடித்த வயரும், சரியாக இறுகாத எர்த் வயரும் இந்த அசைவில்தான் தம்மைக் காட்டிக்கொடுக்கின்றன.

காற்றுக் கசிவை வரவழைக்கும் முறை இன்னும் அழகு. கண்டதை எல்லாம் சூடான இன்ஜின்மேல் அடித்துப் பார்க்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. தீப்பற்றும் திரவம் என்றால் அது விபரீதம். இப்போது பல பட்டறைகளில் புகை மெஷின் இருக்கிறது. இன்ஜினை நிறுத்திவிட்டு, மினரல் ஆயிலைச் சூடாக்கி எழுப்பிய வெண்புகையை மிகக் குறைந்த அழுத்தத்தில் இன்டேக்குக்குள் அனுப்புகிறார்கள். டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால், ஏதோ ஒரு ஹோஸின் அடிப்புறத்திலிருந்து, கண்ணுக்குப் படாத மடிப்பிலிருந்து, நூல்போலப் புகை எழும்பி வரும்.

கார்புரேட்டர் போய் இன்ஜெக்ஷன் வந்ததும் இந்தக் கலை செத்துவிடும் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். மின்னணு இன்ஜெக்ஷனைப் பெருமளவில் சாலைக்குக் கொண்டுவந்தது போஷின் டி-ஜெட்ரானிக். 1967-இல் அமெரிக்கச் சந்தைக்கான ஃபோக்ஸ்வேகன் 1600-இல் அது வந்தது. 1976-இல் வோல்வோ கலிஃபோர்னியாவுக்கு அனுப்பிய கார்களில் புகைக்குழாயின் ஆக்ஸிஜனை அளக்கும் லாம்டா சென்சர் சேர்ந்தது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற விகிதத்தை இன்ஜின் தானே பார்த்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளத் தொடங்கியது அப்போதுதான். அமெரிக்காவில் 1996 முதல் எல்லாப் புதுக் கார்களிலும் ஓபிடி-2 என்ற பொதுவான பழுதறியும் முறை கட்டாயமானது. இந்தியாவில் 1983 டிசம்பரில் வந்த மாருதி 800, புகை விதிகள் இறுகிய 2000-ஐ ஒட்டி கார்புரேட்டரை விட்டு எம்பிஎஃப்ஐ என்ற இன்ஜெக்ஷனுக்கு மாறியது. டேஷ்போர்டில் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு இங்கேயும் பழகிப்போனது.

கம்ப்யூட்டர் மிஸ்ஸிங்கைக் கண்டுபிடிக்கும் விதம் பழைய மேஸ்திரியின் காதைத்தான் நினைவூட்டும். ஒவ்வொரு முறை தீ பற்றும்போதும் கிராங்க் ஷாஃப்ட் ஒரு துளி வேகமெடுக்கிறது. கிராங்க் சென்சர் அந்த உந்தலை ஒவ்வொன்றாகப் பார்க்கிறது. ஓர் உந்தல் குறைந்தால், அது எந்த சிலிண்டரின் முறை என்று கணக்கிட்டு, பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டர், பி0303 என்றால் மூன்றாவது என்று குறித்துவைக்கிறது. யாரென்று பிடிபடாவிட்டால் பி0300. மேடுபள்ளமான சாலையில் சக்கரத்தின் வழியாக வரும் குலுக்கலும் கிராங்கின் வேகத்தை அசைப்பதால், அப்படிப்பட்ட இடத்தில் பல கார்கள் இந்தக் கண்காணிப்பைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கின்றன.

ஆனால் கோட் சொல்வது இடத்தை, காரணத்தைச் சொல்வதில்லை. பி0302-க்குக் காரணம் பிளக்காக இருக்கலாம், காயிலாக, இன்ஜெக்டராக, வால்வாக, வயராக, அந்த சிலிண்டரின் வாசலில் மட்டும் காற்று எடுக்கும் கேஸ்கெட்டாகவும் இருக்கலாம். ஸ்கேனரைச் செருகி, கோடைப் படித்து, பாகத்தை மாற்றுவது வேறு. ஸ்கேனரை வேக்குவம் கேஜின் முள்ளைப்போலப் படிப்பது வேறு.

அப்படிப் படிப்பவர் முதலில் திறப்பது ஃப்ரீஸ் ஃப்ரேம். பழுது பதிவான கணத்தில் இன்ஜின் சூடு எவ்வளவு, சுற்று எவ்வளவு, வேகம் எவ்வளவு, சுமை எவ்வளவு என்று கம்ப்யூட்டர் எடுத்துவைத்த படம் அது. உரிமையாளர் கவனிக்கத் தவறிய சூழ்நிலையை அது சாட்சி சொல்கிறது. அடுத்தது ஃபியூவல் டிரிம். கலவையைச் சமன்செய்யக் கம்ப்யூட்டர் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்ற கணக்கு அதில் இருக்கிறது. ஐட்லிங்கில் 20 சதவீதம் கூட்டி, 2,500 சுற்றில் மூன்று நாலு சதவீதத்துக்கு இறங்கினால், எங்கோ காற்று எடுக்கிறது. ஐட்லிங்கில் இயல்பாக இருந்து சுமை ஏற ஏறக் கூடிக்கொண்டே போனால், பம்ப்போ ஃபில்டரோ பெட்ரோலைப் போதிய அளவு கொடுக்கவில்லை. இதிலும் வண்டிக்கு வண்டி வேறுபாடு உண்டு. காற்றின் அளவை நேரடியாக அளக்கும் வண்டியில் கசிவுக் காற்று கணக்கில் வராமல் கலவையை மெலிய வைக்கும். மேனிஃபோல்ட் அழுத்தத்தை அளக்கும் வண்டியில் அதே கசிவு சுமைபோலத் தோன்றி, ஐட்லிங்கை ஏற்றிவிடும், அலைபாய வைக்கும். எந்த இன்ஜின் எதை அளக்கிறது என்று தெரியாமல் டிரிம்மைப் படிக்க முடியாது.

சில எண்கள் ஒரே பார்வையில் கதையை முடித்துவிடும். இன்ஜின் சூட்டை அளக்கும் சென்சரின் வயர் ஒரு கணம் விட்டுப்போனால், பல ஸ்கேனர்களின் திரையில் மைனஸ் 40 டிகிரி தோன்றும். மதுரையில் மதிய வேளையில் மைனஸ் 40! இன்ஜின் பனியில் உறைந்திருப்பதாக நம்பி, கம்ப்யூட்டர் தேவைக்கு மேல் பெட்ரோலைக் கொட்டலாம்; சூடான இன்ஜின் மூச்சுத் திணறிக் கரும்புகை விட்டுத் தடுமாறும். அடுத்த கணம் வயர் தொட்டுக்கொண்டதும் எல்லாம் சரி.

கருவிகள் பெருகினாலும் எளிய சோதனைகளின் அழகு குறையவில்லை. ஓடும் இன்ஜினில் சிலிண்டர்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பது அவற்றில் பழமையானது. நல்ல சிலிண்டரை நிறுத்தினால் இன்ஜின் சரியும். கெட்ட சிலிண்டரை நிறுத்தினால் மாற்றமே தெரியாது. அன்று பிளக் வயரை இழுத்தார்கள். இன்று இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றுகிறார்கள்; எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் இருக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குப் போய் அதைச் சுட்டுப் பாழாக்கக் கூடாது என்பதற்காக.

இன்னொன்று இடமாற்றம். பி0302 வருகிறது. இரண்டாவது சிலிண்டரின் காயிலை எடுத்து மூன்றாவதில் போட்டு, மூன்றாவதை இரண்டாவதில் போட்டு, வண்டியை உரிமையாளரிடமே கொடுத்தனுப்புகிறார்கள். அடுத்த முறை பி0303 வந்தால் காயில்தான் குற்றவாளி. கோட் இரண்டிலேயே நின்றால் காயில் குற்றமற்றது. அடுத்து பிளக்கை மாற்றிப் பார்க்கலாம், பிறகு இன்ஜெக்டரை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் நகர்த்த வேண்டும். ஒரு ரூபாய்ப் பாகமும் வாங்காமல், எப்போதாவது மட்டும் வரும் பழுதை அது வரும் நாள்வரை காத்திருந்து கையும் களவுமாகப் பிடிக்கும் முறை இது.

இந்த மூன்றும் குற்றமற்றவை என்று தெரிந்தால் கேள்வி இன்ஜினின் உடம்புக்குள் போகிறது. கம்ப்ரஷன் கேஜில் ஒரு சிலிண்டர் குறைவாகக் காட்டினால், பிளக் துவாரத்தில் ஒரு கரண்டி இன்ஜின் ஆயிலை விட்டு மறுபடி அளக்கிறார்கள். எண் ஏறினால் தேய்ந்தவை ரிங்குகள். எண்ணெய் அந்த இடைவெளியை அடைத்துவிட்டது. ஏறாவிட்டால் வால்வு சரியாக உட்காரவில்லை. சூடானபின் மட்டும் ஒரு சிலிண்டர் விடுகிறதென்றால் டேப்பெட் இடைவெளி இறுகியிருக்கக்கூடும். வால்வுத் தண்டு வெப்பத்தில் நீண்டு, முழுதாக மூடாமல் நிற்கிறது. ஆஸிலோஸ்கோப் வைத்திருப்பவர் இன்ஜினைத் திறக்காமலே இதில் பாதியைப் பார்த்துவிடுகிறார். பெட்ரோலை நிறுத்திவிட்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றி, அது இழுக்கும் கரண்டைத் திரையில் வரைகிறார். ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை அழுத்தும்போது கரண்ட் ஒரு மேடாக எழுகிறது. நாலு மேடுகளும் ஒரே உயரமாக இருந்தால் உடம்பு நலம். ஒன்று மட்டும் குட்டையாக இருந்தால் விஷயம் தெரிந்துவிட்டது.

எது பழுது என்பதைப் போலவே எது பழுதில்லை என்பதையும் அறிந்தவர்தான் நிபுணர். ஹார்லி-டேவிட்சனின் 45 டிகிரி வி-ட்வின் இன்ஜினில் ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே 315 டிகிரி, அதற்கடுத்து 405 டிகிரி. அதன் நொண்டி நடை பிறவியிலேயே வந்தது, அதைக் கேட்கவே ஆட்கள் வாங்குகிறார்கள். ரேஸ் கேம்ஷாஃப்ட் போட்ட அமெரிக்க வி-8 இன்ஜின் ஐட்லிங்கில் குதித்துக் குதித்து நிற்கும். இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் ஒருசேரத் திறந்திருக்கும் நேரம் அதில் அதிகம். உயர் சுற்றில் கிடைக்கும் சக்திக்கு ஐட்லிங்கில் கொடுக்கும் விலை அது. மூன்று சிலிண்டர் இன்ஜின்களுக்கு முன்னும் பின்னுமாக ஆடும் இயற்கை உண்டு. அந்த ஆட்டத்தை ரப்பர் மவுண்ட்டுகள் வாங்கிக்கொள்ள வேண்டும். மவுண்ட் கிழிந்தால் இன்ஜின் குறையில்லாமல் ஓடும்போதே கேபின் முழுக்க அதிரும். ஸ்கேனரில் ஒரு கோடும் இருக்காது, டிரிம் சுத்தமாக இருக்கும். அங்கே காயிலை மாற்றுபவர் வண்டியின் பேச்சைக் கேட்கவே இல்லை.

‘மாத்திப் பாக்கலாம்’ என்ற இரண்டு சொற்கள் இந்தக் கலையின் பெரும் எதிரி. விட்டு விட்டு வரும் பழுதில் அது இரட்டிப்பு ஆபத்து. பாகத்தை மாற்றிய மறுநாள் பழுது தன் வழக்கப்படி வராமல் இருக்கும். சரியாகிவிட்டது என்று எல்லாரும் நம்புவார்கள். அடுத்த வாரம் அது திரும்பும்போது, புதிதாகப் போட்ட பாகம் நல்லதா என்ற புதுச் சந்தேகமும் சேர்ந்துகொள்ளும். உரிமையாளர் ஆயிரக்கணக்கில் செலவழித்திருப்பார். ஒரு ரப்பர் ஹோஸ் விரிசலோடு சும்மா கிடக்கும். நிரூபிக்காமல் எதையும் கழற்றாத மெக்கானிக்கின் நிதானத்தைப் பார்த்து, கை நகரவில்லையே என்று சலிப்பவர்கள் உண்டு. அந்த நேரத்தில்தான் அவர் அதிகம் வேலை செய்கிறார்.

தொழில்நுட்பம் மாற மாறப் புதுப் புதிர்கள் வருகின்றன. சிலிண்டருக்குள்ளேயே நேரடியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜின்களில் இன்டேக் வால்வின் முதுகைப் பெட்ரோல் கழுவுவதில்லை. அங்கே கரி கட்டியாகப் படிந்து, காலைக் குளிரில் உதறல் வருகிறது. அதை எடுக்க, பொடித்த வால்நட் ஓட்டைக் காற்றழுத்தத்தில் வால்வு மீது அடிக்கிறார்கள். கரியைப் பெயர்க்கும் அளவுக்குக் கடினம், உலோகத்தைக் கீறாத அளவுக்கு மென்மை. எத்தனால் கலந்த பெட்ரோல் நீரை இழுத்துக்கொள்ளும். வரம்பு மீறினால் நீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். நெடுநாள் நின்ற வண்டி உதறும்போது பெட்ரோலையே ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்க்கும் வழக்கம் இதனால் மறுபடி உயிர் பெற்றிருக்கிறது.

ஹைபிரிட் கார்களில் இன்னொரு விசித்திரம். ஐட்லிங்கைக் கேட்க வேண்டும் என்றால் இன்ஜின் ஐட்லிங்கில் நிற்பதே இல்லை, தேவையில்லாதபோது அணைந்துவிடுகிறது. டொயோட்டா பிரியஸில் இதற்கென்று ஒரு பராமரிப்பு நிலை வைத்திருக்கிறார்கள். பார்க்கில் இரண்டு முறை, நியூட்ரலில் இரண்டு முறை, திரும்பவும் பார்க்கில் இரண்டு முறை ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து அதற்குள் நுழைய வேண்டும். அப்போதுதான் இன்ஜின் அணையாமல் நின்று தன் குரலைக் கேட்கவிடும்.

பழுதைக் கண்டுபிடித்த பிறகும் தேர்ந்த பட்டறையில் வேலை முடிவதில்லை. கோடை அழித்துவிட்டால் விளக்கு அணைந்துவிடும். அதை யாரும் செய்யலாம். நல்ல மெக்கானிக் வண்டியை இரவு முழுக்க ஆறவிட்டு, காலை முதல் ஸ்டார்ட்டைத் தானே கேட்கிறார். பிறகு உரிமையாளர் சொன்ன அதே சூழ்நிலைக்கு வண்டியைக் கொண்டுபோகிறார்: அதே சூடு, அதே ஏசி, பிரேக்கில் அதே கால். லாங் டெர்ம் டிரிம் பழைய 20-லிருந்து இறங்கிப் பூஜ்ஜியத்தை நெருங்குவதைத் திரையில் பார்க்கிறார். அது இறங்கவில்லையென்றால், உதறல் நின்றிருந்தாலும் வண்டியை விடமாட்டார். கழற்றிய ஹோஸை வளைத்து, விரிசலை உரிமையாளரின் கண்முன் காட்டி, எந்த இடத்தில் எதனால் வந்தது என்று ஜாப் கார்டில் எழுதி வைக்கிறார். அடுத்த ஆண்டு வேறொரு கை இந்த பானட்டைத் திறந்தால், அந்தக் கைக்கு அந்த ஒரு வரி உதவும்.